வில்லோப் பேன் போகுமிடம்

படுக்கையறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி ஒட்டியது.

லினெட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்சில் ரொட்டிக்கு ஜாம் தடவுகிற ஆள் இல்லை, ஜாமுக்கு ரொட்டி தொட்டுக்கொள்கிற ஆள். அவனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் ஒட்டாத கைப்பிடி என்று ஒன்று இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் மறுபடியும் ஒட்டியது. அப்போதுதான் உறைத்தது: டென்சில் காய்ச்சலில் விழுந்து கட்டிலை விட்டு இறங்கியே நாளாகிறது. அந்தக் கைப்பிடியை இப்போது தொடுகிற கை அவளுடையது மட்டும்தான்.

விரலை முகர்ந்து பார்த்தாள். ஜாம் வாசனை இல்லை. பச்சை இலையின் வாசனை. அதற்கு அடியில் சர்க்கரை. அதற்கும் அடியில், செப்புக் காசை நாக்கில் வைத்தால் வருமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று.

ஜன்னலுக்கு வெளியே இங்கிலாந்தின் சாமர்செட் தாழ்நிலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. ஜனவரி என்றால் அங்கே அது செய்தியே இல்லை. சாலை எது, வாய்க்கால் எது, பக்கத்துப் பண்ணையின் மாட்டுத்தொழுவம் எது என்பதை வேலிக் கம்பங்களின் தலையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தபால்காரர் வரமாட்டார். பால் வண்டி வராது. லண்டன் டிவிக்காரர்கள் மட்டும் தொடை வரைக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தவறாமல் வந்து, கணுக்கால் ஆழத்தில் நின்று கவலை தெரிவித்துவிட்டுப் போவார்கள். லினெட்டின் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. பட்டறை பள்ளத்தில் இருந்ததால் மூழ்கியது.

அந்தப் பட்டறையில் அவர்கள் செய்தது சவப்பெட்டி. பலகைப் பெட்டி இல்லை, வில்லோக் கழியைக் கூடை மாதிரிப் பின்னிச் செய்கிற பெட்டி. கிரிக்கெட் மட்டைக்கு ஆகிற வில்லோ தடித்த சாதி. இது வேறு, விரல் பருமனில் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து சாட்டை போல வளையும். குளிர்காலத்தில் வெட்டி, கட்டு கட்டாகப் பெரிய இரும்புத் தொட்டியில் போட்டு வேகவைத்தால் பட்டை கழன்று, கழி தேன் நிறத்துக்கு வந்துவிடும். இப்போது இந்தப் பெட்டிக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆயுள் முழுக்க டீசல் கார் ஓட்டி, டப்பா பீன்ஸ் தின்று, பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்தவர்கள், செத்த பிறகாவது பூமிக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று கடைசி நேரத்தில் ஞானம் வந்து முன்பதிவு செய்தார்கள். அந்த வாரத்து ஞானி, வட்டாரத்தில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பல் டாக்டர் பிரிம். வெள்ளிக்கிழமை அடக்கம்.

வேகவைக்கிற தொட்டியோ தண்ணீருக்கு அடியில். டென்சில் படுக்கையில் விழுவதற்கு முந்தின நாள் அந்தப் பேச்சு வந்தது.

"வேக வைக்காட்டி என்ன இப்போ?" என்றான் டென்சில். "பச்சையாவே பின்னிடலாம். பட்டையோட இருந்தா இன்னும் இயற்கைன்னு சொல்லி வித்துக்கலாம். பிரிம் எந்திரிச்சு வந்தா புகார் கொடுக்கப் போறாரு?"

"பட்டை மேல என்ன ஒட்டியிருக்குன்னு பாத்தியா?" என்றாள் லினெட்.

"பேன்தானே. வீட்டுச் சூட்டுல ரெண்டு நாள்ல காஞ்சு உதிர்ந்துடும்."

வில்லோத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. மற்றவர்கள் யாரும் வெட்டிய கழியைப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். அந்த அறை சமையலறை அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. வீட்டிலேயே கதகதப்பான இடம். டென்சிலும் அவன் தம்பி வெஸ்லியும் டிராக்டரில் ஏற்றிவந்து, மாடிப்படியின் இரண்டு பக்கச் சுவரையும் கீறி, கட்டு கட்டாக மேலே கொண்டுபோய்க் கட்டிலின் தலைமாட்டில் சாத்தினார்கள்.

அந்தப் பேன்களை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தோட்டக்காரர்கள் அசுவினி என்பார்கள். ரோஜாவில் பச்சையாக ஒட்டுகிற சோப்ளாங்கி அசுவினி இல்லை. இது கோதுமை மணி அளவுக்குப் பெரிசு. சாம்பல் நிறம். முதுகின் நடுவில் கருப்பாக ஒரே ஒரு முள், சின்னச் சுறாத் துடுப்பு மாதிரி. கோடை முற்றும்போது வந்து, கழி தெரியாமல் மூடிக்கொண்டு சாற்றைக் குடித்துக் குளிர்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கும். கீழே நின்றால் சர்க்கரைத் தூறல் மாதிரி அதன் கழிவு தலையில் விழும். அதை நக்கக் குளவி வரும். குளவி கொட்டி வெஸ்லியின் உதடு அந்தச் செப்டம்பரில் ஒரு வாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பழிவாங்க அண்ணனும் தம்பியும் போட்டி வைத்தார்கள். கழியை அடியில் பிடித்து ஒரே இழுப்பில் நுனி வரை உள்ளங்கையால் உருவ வேண்டும், யார் கையில் அதிகம் நசுங்குகிறது பார்க்கலாம் என்று. நசுங்கினால் ரத்தம் மாதிரியே சிவப்பாக வரும். முழங்கை வரை சிவந்து, மூச்சு வாங்கி, சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் வரப்பில் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, நாயோடு நடக்க வந்த ஓர் அம்மாள் போலீசுக்குப் போன் செய்துவிட்டாள்.

கட்டுகளைச் சாத்திவிட்டு வெஸ்லி கட்டிலைப் பார்த்தான், கழிகளைப் பார்த்தான்.

"லின், உன் படுக்கையறையில இப்ப ஆயிரக்கணக்கான பொம்பளைங்க. இவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"எல்லாமே பொம்பளையா?"

"பல்கலைக்கழகத்துல இருந்து கண்ணாடிக் குழாயோட ஒரு பொண்ணு வந்துச்சே, அது சொல்லிச்சு. ஆம்பளையை இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததே இல்லையாம். முட்டையும் கெடையாது, நேரா குட்டிதான். பொறக்கும்போதே அந்தக் குட்டி வயித்துல இன்னொரு குட்டி."

"அப்ப அப்பன்?"

"அப்பனே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்கம்மாவும் அதே முடிவுக்குத்தான் வந்தா. என்ன, கொஞ்சம் லேட்டு."

டென்சில் சிரித்தான். "குளிர்காலம் முடியறப்போ மொத்தமா காணாமப் போயிடுமாம். வெயில் காலத்துல திரும்பி வருமாம். நடுவுல எங்க போகுதுன்னு படிச்சவங்களுக்கே தெரியல. அந்தப் பொண்ணு எங்கிட்ட கேக்குது, உங்களுக்குத் தெரியுமான்னு. ஸ்பெயினுக்குப் போகும்னேன். எழுதிக்கிச்சு பாவம்."

மறுநாள் காலையில் கழிகள் வெறுமையாக இருந்தன. ஒரு பேன் இல்லை. தரையில் உதிர்ந்தும் கிடக்கவில்லை. லினெட் குனிந்து கட்டுகளுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பார்த்தாள். பட்டைத் தூசு மட்டும் வந்தது.

"வாடகை கேப்போம்னு பயந்து ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாங்க பாரு," என்று தலையணைக்குள்ளிருந்து டென்சில் சொன்னான். அவன் குப்புறப் படுத்திருந்தான். உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது, இன்றைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்றான். அன்றைக்கும் எழவில்லை. அடுத்த நாளும் எழவில்லை.

வலி இல்லை. இருமல் இல்லை. குளிர் காலம் முழுக்க முனகிக்கொண்டே இருக்கிற மனிதன் ஒரு முனகல் கூட விடவில்லை. அதுதான் லினெட்டின் மனசில் முதலில் இடறியது. டீ மட்டும் கேட்டான். சர்க்கரை போதவில்லை என்றான். இன்னொரு கரண்டி போட்டாள். இன்னும் என்றான். கடைசியில் டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் மணலாக நின்றது. அதையும் விரலை விட்டு வழித்து நக்கினான். டாக்டர் வீட்டு நர்ஸ் போனில், இந்தக் காய்ச்சல் ஊர் முழுக்க இருக்கிறது, நிறைய திரவம் கொடுங்கள், இனிப்பாக எதையாவது குடித்தால் தெம்பு வரும் என்றாள். லினெட் போனை வைத்துவிட்டு இன்னும் ஒரு குவளை கொண்டுபோனாள். நெற்றியைத் தொட்டால் சுடவில்லை. ஆற்றங்கரைக் கல் மாதிரி ஜில்லென்று, லேசாக ஒட்டிக்கொண்டு இருந்தது.

"போர்வையை மாத்தறேன். ஈரமா இருக்கு," என்றாள்.

"தொடாத."

அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கோபம் இல்லை அதில். எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கிற நாயிடம் போனால் தொண்டையில் ஒரு சத்தம் வருமே, அது. உடனே அவனே சமாதானமாகச் சிரித்தான். உதடு வெளுத்துப்போய், மாவு தடவின மாதிரி இருந்தது. "தூக்கமா வருது, கண்ணு. உள்ள இருந்து ஏதோ மெதுவா எறங்கிக்கிட்டே இருக்கற மாதிரி. நல்லாருக்கு. அப்படியே விடு."

போர்வை அவன் முதுகின் மேல் படியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். முதுகுக்கும் போர்வைக்கும் நடுவில் இன்னொரு மெல்லிய மெத்தை விரித்த மாதிரி, கொஞ்சம் உயர்ந்து நின்றது. அதன் மேல் ஒரு குளவி நடந்துகொண்டிருந்தது. ஜனவரி மாதக் குளவி. கூரைக்குள் எங்கோ உறைந்து தூங்க வேண்டியது எதையோ மோப்பம் பிடித்து எழுந்து வந்து, தள்ளாடித் தள்ளாடி, போர்வையின் நூலிழைகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. லினெட் செருப்பைக் கழற்றி அதை ஒரே அடியில் சுவரோடு அப்பினாள். டென்சில் திடுக்கிடவில்லை. போர்வைதான் திடுக்கிட்டது. அவன் அசையாமல் கிடக்க, போர்வை மட்டும் ஒரு முறை, லேசாக, சிலிர்த்து அடங்கியது.

பார்வைக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் கீழே வந்துவிட்டாள். கோழைத்தனம்தான். ஆனால் ஒருத்தி தன் வீட்டுப் போர்வைக்குப் பயப்படுவதற்குள் நாலு தடவையாவது தன்னையே கேலி செய்துகொண்டாக வேண்டும். வெஸ்லிக்குப் போன் செய்தாள். டிராக்டரின் வயிற்றுக்குள் தண்ணீர் போய்விட்டதாம், சரி செய்துகொண்டிருக்கிறானாம், கையோடு டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்றான். "நீ ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசற?" என்று கேட்டான். அவளுக்கே அது தெரியவில்லை.

நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் வற்றிவிட்டது. வெள்ளம் சாம்பலாகி, வானம் சாம்பலாகி, இரண்டுக்கும் நடுவில் வெட்டாத வில்லோக்கள் கோடு கோடாக நின்றன. மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுப் போனது. லினெட் அடுப்பருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விறகு வெடிக்கிற சத்தத்தையும், வெளியே தண்ணீர் சுவரை நக்குகிற சத்தத்தையும், தன் மூச்சையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அடுப்பின் இரும்புத் தட்டில் ஏதோ ஒரு சொட்டு விழுந்து சுரீரென்றது.

சர்க்கரை கருகுகிற வாசனை எழுந்தது. மிட்டாய்க் கடையின் பின்கட்டு வாசனை. நல்ல வாசனை.

இன்னொரு சொட்டு. சுரீர்.

அண்ணாந்து பார்த்தாள். கூரைப் பலகைகளின் இடுக்கில் வரிசையாகப் பளபளத்தது. கட்டில் இருக்கிற இடம். மெத்தை ஊறி, பலகை ஊறி, வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு அவள் மேலுதட்டில் விழுந்தது. துடைப்பதற்குள் நாக்கு போய்விட்டது. இனிப்பு. இனிப்புக்கு அடியில் அந்தச் செப்புக் காசு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதி ஏறியதும் திரும்பி வந்து, சுவர்க் காகிதம் சுரண்டுகிற அகலத் தகட்டையும் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. மிக மெல்லிய மழை. போர்வையின் உள்பக்கத்தில் பொட்டுப் பொட்டாக, ஓயாமல், ஆயிரம் பேர் நுனிநகத்தால் துணியைத் தட்டுகிற மாதிரி.

"டென்சில்."

மூச்சு மட்டும் கேட்டது. மெதுவான, திருப்தியான மூச்சு.

போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒட்டியிருந்தது. பலமாக இழுத்தாள். பிசுக்கென்று நீளமாக நூல் விட்டுப் பிரிந்து வந்தது.

யாரோ அவன் முதுகுக்கு வில்லோப் பட்டையைப் போர்த்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் தோல் தெரியவில்லை. சாம்பல் நிறம். இடையிடையே கரும்புள்ளி. தோளோடு தோள் ஒட்டி, ஓர் ஊசி முனை இடம் விடாமல், எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து, தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு முள். முள், முள், முள். அவன் மூச்சு இழுத்தால் எல்லாம் உயர்ந்தன. மூச்சு விட்டால் எல்லாம் தாழ்ந்தன. கழியில் இருந்தபோது கோதுமை மணி அளவுதான் இருந்தன. இப்போது திராட்சை அளவு.

டார்ச் வெளிச்சம் பட்டது. அத்தனையும் பின்னங்கால்களைத் தூக்கின. ஒரே சமயத்தில். அத்தனையும் அவளைப் பார்த்து உதைத்தன.

லினெட் கத்தினாளா என்று அவளுக்கு நினைவில்லை. கை முந்திக்கொண்டது. இரண்டு உள்ளங்கைகளையும் அவன் தோளில் ஊன்றி, இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பாக உருவினாள். நசுங்கின. கை வழுக்கியது. வெதுவெதுப்பாக, சிவப்பாக, விரல் இடுக்கெல்லாம் பிதுங்கி வழிந்தது. மறுபடியும் உருவினாள். ஒட்டியிருந்ததைக் கொத்தாகப் பிடித்துப் பிய்த்துச் சுவரில் அடித்தாள். சுவரில் பூ மாதிரி விரிந்து வழிந்தது. தகட்டை எடுத்தாள். சுரண்டினாள். பட்டை உரிக்கிற மாதிரி, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. அவை ஓடவில்லை. ஓட முடியாமல் ஊசி உள்ளே இருந்தது. உடம்பு பிய்ந்து வந்தது, ஊசி வரவில்லை. தரையில் விழுந்ததைக் காலால் மிதித்தாள். ஒன்று வெடித்தது, உள்ளிருந்து சின்னச் சின்னதாகக் கால் முளைத்த குட்டிகள் வழிந்து ஓடின. அவற்றையும் மிதித்தாள். "என் புருஷன்," என்று சொல்லிக்கொண்டே மிதித்தாள். "என் புருஷன். என் புருஷன்."

டென்சில் அலற ஆரம்பித்தான்.

அத்தனை நாள் வராத வலி எல்லாம் ஒன்றாக வந்த அலறல் அது. "விடு! லின், விடு! புடுங்காத!" கட்டிலின் இரும்பைப் பிடித்து வளைத்தான். அவள் அவன் தொடையின் மேல் ஏறி முட்டி போட்டு அமுக்கிக்கொண்டு சுரண்டினாள். அவன் முழங்கையால் இடித்ததில் அவள் உதடு கிழிந்தது. சுரண்டினாள். முதுகில் முக்கால் பங்கு துடைத்து எடுத்தாயிற்று. இடப்பக்க இடுப்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு மிச்சம்.

அப்போது அவன் அலறல் நின்றது.

டார்ச்சைப் பிடித்தாள். துடைத்த இடம் சிவந்திருந்தது. பேன்களின் சிவப்பு என்று போர்வையால் ஒற்றினாள். தோல் வெள்ளையாகத் தெரிந்தது. அதில் மயிரிழை மாதிரிக் கருப்பு ஊசிகள் நட்டு நின்றன, சவரம் செய்யாத கன்னம் போல. ஒவ்வோர் ஊசி முனையிலும் ஒரு சிவப்புச் சொட்டு ஊறியது. பெருத்தது. உருண்டு ஓடியது. அடுத்த சொட்டு ஊறியது. ஒற்றினாள். ஊறியது. ரத்தம் போல் கெட்டியாக இல்லை; பாகு கலந்த தண்ணீர் மாதிரி மெலிசாக. உறையாது. உறைகிற ரத்தம் இல்லை அது.

அவை உறிஞ்சவே இல்லை. வெறுமனே குழாயை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தன. தள்ளிக்கொண்டு வந்தது அவனுடைய இதயம்தான். குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த உடம்புகளை அவள் தன் கையால் பிடுங்கியிருந்தாள்.

போன் கையில் வழுக்கியது. ஆம்புலன்ஸ் எண். ஒரு பெண் குரல், ரொம்ப நிதானமாக.

"அவர் மூச்சு விடறாரா, மேடம்?"

"விடறாரு. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

"படகு கிளம்பிடுச்சு. கொஞ்சம் நேரமாகும். சுத்தமான துணியை வெச்சு காயத்தை நல்லா அழுத்திப் பிடிங்க."

"எந்தக் காயத்தை?"

"ரத்தம் வர்ற காயத்தை, மேடம்."

"நூத்துக்கணக்குல இருக்கு."

"பெரிய காயத்தை முதல்ல அழுத்துங்க," என்றது குரல்.

பெரிய காயம் ஒன்றும் இல்லை. துண்டு ஊறியது. தலையணை ஊறியது. அழுத்தினால் ஊசிகள் இன்னும் உள்ளே போயின. டென்சில் புழு மாதிரி நெளிந்தான். பிடுங்கப் பார்த்தாள், நகத்துக்குச் சிக்கவில்லை. சிக்கிய ஒன்று தோலோடு வந்தது. அந்த ஓட்டை பீறிட்டது. அவன் காது வெளுத்தது. பிறகு கழுத்து. பிறகு உள்ளங்கை. "லின்," என்றான், எங்கோ தூரத்திலிருந்து. "குளிருது, கண்ணு."

டார்ச் வெளிச்சம் அவன் இடப்பக்க இடுப்பில் போய் நின்றது.

அங்கே ஈரம் இல்லை. மிச்சமிருந்தவை தலையைத் தாழ்த்தி அமைதியாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

லினெட் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தரையில் மண்டியிட்டாள். கட்டிலுக்கு அடியில் டார்ச்சை விட்டுத் தேடினாள். கூழ், கூழ், கால், ரெக்கை இல்லாத பாதி உடம்பு. ஒன்று அசைந்தது. முழுசாக இருந்தது. இரண்டு விரலால், பூவைக் கிள்ளுகிற மாதிரி, எடுத்தாள். அவன் தோள்பட்டையில் ஒழுகிக்கொண்டிருந்த ஓர் ஊசியின் மேல் வைத்தாள். அது தடுமாறியது. சுற்றிச் சுற்றி வந்தது.

"குடி," என்றாள். "குடி, குடிடா... குடிடி."

அது நின்றது. முகர்ந்தது. தலையைத் தாழ்த்தியது. அந்த இடத்தில் ஒழுகல் நின்றது.

இன்னொன்றைத் தேடினாள். ஜன்னல் திட்டில் ஒன்று. செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு, பாதி உயிரோடு ஒன்று. அது செத்துப்போனது. தலைமாட்டுக் கழிக்கட்டின் இடுக்கில் இரண்டு. ஒவ்வொன்றாக எடுத்துவந்து, உட்கார வைத்து, அது தலையைத் தாழ்த்துகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். நாலு ஓட்டை அடைபட்டது. ஐந்து. நூற்றுக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. இனி தேட எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவள்தான் நசுக்கியிருந்தாள். சுவரெல்லாம் இருந்தன. தன் கையெல்லாம் இருந்தன. எதற்கும் ஆகாமல்.

வெளியே தண்ணீர் சுவரை நக்கியது. படகுச் சத்தம் இல்லை.

அவள் கட்டிலில் ஏறி, டென்சிலின் இடுப்பருகில் முகத்தை வைத்துப் படுத்தாள். வெளிச்சத்தைக் கையால் மறைத்தாள், அவை உதைக்காமல் இருக்க. அருகிலிருந்த பெரியது ஒன்றின் பின்புறம் விம்மி விம்மித் தாழ்ந்துகொண்டிருந்தது.

"பெத்துப் போடு," என்றாள் அதனிடம். கண்ணீரும் உதட்டு ரத்தமும் ஒன்றாக வாய்க்குள் போயின. "சீக்கிரம் பெத்துப் போடு, என் தங்கமே. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன். நிறையப் பெத்துப் போடு."

அது பெற்றது. முதலில் பின்பகுதி வந்தது. வெளிறி, ஈரமாக, கால்களை மார்போடு மடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. பிறகு கால்கள் ஒவ்வொன்றாக விரிந்து காற்றைத் துழாவின. லினெட் ஆள்காட்டி விரலை நீட்டினாள். குட்டி அதில் இறங்கியது. எடையே இல்லை. அதன் வயிறு கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குள், இரண்டு கருப்புக் கண்கள், இன்னொன்றின் கண்கள், ஏற்கெனவே திறந்திருந்தன.

டென்சிலின் தோள் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். "இங்க," என்றாள். "இங்க எறங்கு."

அது இறங்கவில்லை. விரல் நுனியில் ஒரு சுற்று சுற்றியது. நின்றது. தலையைத் தாழ்த்தியது. மயிரை விட மெலிசாக ஏதோ ஒன்று அவள் ரேகைகளுக்கு நடுவில் இறங்கிற்று, இறங்கிக்கொண்டே இருந்தது. வலி இல்லை. கதகதப்பாக இருந்தது. நல்லாத்தான் இருந்தது.

லினெட் அதைப் பிடுங்கவில்லை.

கட்டிலில் அடுத்தது பின்புறத்தைத் தூக்கி விம்ம ஆரம்பித்தது. டென்சிலின் முதுகில் சொட்டுகள் ஊறின, உருண்டன, ஊறின. அவள் அடுத்த விரலை நீட்டினாள்.